267-ஆம் பக்கம்

"சாருக்கு மூணு மார்க், மேடம்" என்றார் டாக்டர், ஈ.சி.ஜி. தாளை மேசையில் நீளமாக விரித்துக்கொண்டே.

2022 ஆடி மாதம். என் கணவர் அப்போதுதான் படுக்கையிலிருந்து இறங்கிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மார்க் என்று காதில் விழுந்ததும் நிமிர்ந்துவிட்டார்.

"எத்தனைக்கு?"

"ஒன்பதுக்கு சார். ஆனா இந்தப் பரீட்சையில கம்மியா வாங்குறவங்கதான் பாஸ்."

அதற்கு ஒரு வாரம் முன்பு மாடிப்படி ஏறும்போது படபடவென்று வருவதாகச் சொன்னார். வெயில், காபி, கரண்ட் கட் என்று வழக்கம்போல் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். ராத்திரி அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். எண்ணவே முடியவில்லை. இரண்டு வேகமாக, ஒன்று விட்டு, மூன்று வேகமாக, எந்தத் தாளத்திலும் சேராமல். ஈ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று வந்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்த துணுக்கு கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்று ஊகிக்கத்தான் இந்த மார்க். CHA₂DS₂-VASc என்று அதற்குப் பெயர், ஒவ்வோர் ஆபத்தின் ஆங்கில எழுத்தையும் கோத்தது.

டாக்டர் விரல்விட்டு எண்ணினார். பி.பி.க்கு ஒன்று. சுகருக்கு ஒன்று. வயது 65 தாண்டியதற்கு ஒன்று. 75 ஆகியிருந்தால் இரண்டு. முன்பே பக்கவாதம் வந்திருந்தால் அதற்கும் இரண்டு. இதயம் பலவீனமாக இருந்தால் ஒன்று, ரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் ஒன்று. "பொம்பளையா இருந்தா அதுக்கு ஒரு மார்க்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பெண்ணாய்ப் பிறந்த குற்றத்துக்கு இங்கேயுமா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "இந்த ஸ்கோர் எதுல வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா மேடம்? நம்ம லைப்ரரி செஸ்ட் ஜர்னல்ல. 2010. உங்ககிட்ட ஜெராக்ஸ் எடுத்துத்தான் ஜர்னல் கிளப்ல பேசினேன்."

எனக்கு ஞாபகம் இல்லை. அவரை ஞாபகம் இருந்தது. எம்.டி. படித்தபோது மூடும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஓடிவந்து புத்தகம் கேட்கும் பையன். கட்டுரையைச் சுத்தமாக ஞாபகம் இல்லை.

ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் 1986-இலிருந்து 2017 வரை வேலை பார்த்தேன். அதில் பாதிக் காலம் ஜர்னல் பிரிவு என் பொறுப்பு. செஸ்ட் மாதம் ஒன்று வரும். உறையைக் கிழித்து, கார்டெக்ஸ் என்ற வரவுப் பதிவு அட்டையில் அந்த மாதத்துக் கட்டத்தில் டிக் அடித்து, அட்டையில் ஒரு சீல், உள்ளே ஒரு சீல், டிஸ்ப்ளே ராக்கில் வைத்துவிட்டு அடுத்த உறைக்குப் போய்விடுவேன். வராத மாதத்துக்கு ஏஜெண்டுக்குக் கிளெய்ம் கடிதம். ஆறு மாதம் சேர்ந்தால் ஒரு வால்யூம், பைண்டிங்குக்குப் போகும். ஒருமுறை பைண்டர் முதுகில் தங்க எழுத்து அச்சடிக்கும்போது செஸ்டை செஸ் ஆக்கிவிட்டார். கடைசி ஓர் எழுத்துத்தான் தப்பு. நெஞ்சு சதுரங்கமாகிவிட்டது. திருப்பி அனுப்ப பட்ஜெட் இல்லாததால் அந்த வால்யூம் அப்படியே அலமாரியில் நின்றது. புதிதாகச் சேரும் பி.ஜி. மாணவர்களுக்கு அதைக் காட்டிச் சிரிப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

அதன் பெயர் மாற்றமும் எனக்குத் தலைவலிதான். 1969 வரை டிசீசஸ் ஆஃப் தி செஸ்ட், 1970 முதல் வெறும் செஸ்ட். நூலகத்தில் பெயர் மாறினால் புது கேட்லாக் கார்டு, பழைய கார்டில் 'இதையும் பார்க்க' என்று ஒரு குறிப்பு. பழைய பெயரில் 'டி' வரிசையில் தேடுபவர்கள் புதிய பெயரில் 'சி' வரிசைக்கு வந்து சேர வேண்டும். நெஞ்சு நோய்கள் என்பது நெஞ்சு என்று சுருங்கியதில் எனக்கு ஒரு வசதி தெரிந்தது. நாம் நெஞ்சுச்சளி என்றால் நுரையீரல், நெஞ்சுவலி என்றால் இதயம். அந்த ஜர்னலும் அப்படித்தான், இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்திருக்கும்.

அதைத் தொடங்கியவர் டாக்டரே இல்லை என்று மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். மர்ரே கோர்ன்ஃபெல்ட் ஒரு காசநோயாளி. 1935-இல் நியூ மெக்சிகோவில் இருந்துகொண்டு, சானடோரியம் என்ற காசநோய் விடுதிகளின் டாக்டர்களைச் சேர்த்து ஒரு சங்கமும் ஒரு ஜர்னலும் ஆரம்பித்தார். அந்தச் சங்கம்தான் பின்னால் அமெரிக்க நெஞ்சு மருத்துவர் கல்லூரி என்று வளர்ந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படாத காலம். காய்ந்த காற்று, வெயில், படுக்கை ஓய்வு, இதுதான் வைத்தியம். நோயாளி ஒருவர் தன்னைக் கவனிக்கும் டாக்டர்களைப் பார்த்து, தனித்தனியாக என்ன செய்கிறீர்கள், எழுதி ஒருவருக்கொருவர் காட்டுங்கள் என்று சொன்ன மாதிரி எனக்குத் தோன்றும்.

சானடோரியம் என்றால் நம் ஊரில் ரயில் நிலையம். தாம்பரம் சானடோரியத்தில் இறங்கி வேலைக்குப் போகிறவர்கள் பலருக்கு அந்தப் பெயர் 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே கட்டிய காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது. சானடோரியம் என்ற ஏற்பாட்டையே தேவையில்லாததாக்கிய ஆராய்ச்சியும் சென்னையில்தான் நடந்தது. 1956-இல் தொடங்கி 193 நோயாளிகளில் பாதிப் பேரை வீட்டிலும் பாதிப் பேரை சானடோரியத்திலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், இடம் நெருக்கடி, ஓய்வும் கிடையாது. இருந்தும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது அது. கோர்ன்ஃபெல்டின் ஜர்னல் பிறந்த சானடோரிய உலகத்துக்கு மூடுவிழா நடத்தியது சென்னையின் நெருக்கடியான வீடுகள் என்றுகூடச் சொல்லலாம். கொஞ்சம் மிகைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, என் மேசைக்கு வருகிறேன்.

ஒரு ஜர்னலில் எந்தக் கட்டுரை முக்கியம் என்று படிக்காமலே நூலகருக்குத் தெரிந்துவிடும். ஜெராக்ஸ் மெஷினில் குப்புறக் கவிழ்த்து அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் மட்டும் பைண்டிங் விட்டுப்போயிருக்கும். 1992-இன் முதல் வால்யூம், 101, தானாகத் திறந்தாலே 1644-ஆம் பக்கத்தில்தான் திறக்கும். ரோஜர் போன் என்பவரும் கூட்டாளிகளும் செப்சிஸ், அதாவது தொற்றுக்கு உடம்பு முழுக்கக் கிளம்பும் எதிர்வினை, என்றால் என்ன என்று வரையறுத்த கட்டுரை. உடல் வெப்பம் 38 டிகிரிக்கு மேல் அல்லது 36-க்குக் கீழ், நாடி 90-க்கு மேல், மூச்சு 20-க்கு மேல், வெள்ளணு 12,000-க்கு மேல் அல்லது 4,000-க்குக் கீழ், தொற்றோடு இவற்றில் இரண்டு இருந்தால் போதும் என்று மாணவர்கள் என் மேசை எதிரே உட்கார்ந்து வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்ததில் எனக்கே மனப்பாடம். 2008-இல் 134-ஆம் வால்யூம், 117-ஆம் பக்கம். மூச்சுத்திணறலோடு வருபவரின் நெஞ்சில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துச் சில நிமிடங்களில் காரணத்தைப் பிரித்துச் சொல்லும் முறை. அதுவும் சீக்கிரமே கிழிந்துவிட்டது, செலோடேப் போட்டேன்.

1644-ஆம் பக்கத்து வாய்ப்பாடு 2016-இல் செல்லாமல் போனது. வேறொரு ஜர்னலில் புதிய வரையறை வந்து, அந்த நாலு எண்களை ஓரம்கட்டிவிட்டார்கள். எனக்கு என்னவோ வீட்டு விலாசம் மாறிவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் அதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. காரணம், பென்சில். நான் சேர்ந்த புதிதில் நெஞ்சு நோய்த் துறையில் இருந்த பேராசிரியர் ஒருவர் எனக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். திருத்தம் என்று ஏதாவது ஓர் இதழில் வந்தால், பழைய வால்யூமை எடுத்து, அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும். 'திருத்தம், இந்த வால்யூம், இந்தப் பக்கம்.' மறுத்து ஆசிரியருக்குக் கடிதம் வந்திருந்தால் அதையும். "இல்லன்னா பழசப் படிக்கிற பையன் அதையே வேதம்னு நினைச்சுக்குவான்மா" என்பார். டோஸில் ஒரு புள்ளி இடம் மாறிய திருத்தம் ஒன்றைக் காட்டி, "இந்தப் புள்ளியில ஒரு உசிரு இருக்கு" என்று அவர் சொன்ன பிறகு எந்தத் திருத்தத்தையும் நான் விட்டதில்லை.

சக நிபுணர்கள் சரிபார்த்தது, பியர் ரிவ்யூ செய்தது என்றால் என்ன என்பதையும் அவரிடமிருந்துதான் பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். ஓர் அபூர்வமான கேஸை எழுதி வெளிநாட்டு ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பினார். மூன்று பிரதி டைப் அடித்து, எக்ஸ்ரேயை ஸ்டூடியோவில் கொடுத்துப் பளபளப்பான பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் எது மேல்பக்கம் என்று அம்புக்குறி போட்டு. இன்டெக்ஸ் மெடிக்கஸ் என்ற மருத்துவக் கட்டுரை அட்டவணையைப் புரட்டி மேற்கோள்களைத் தேடிக்கொடுத்தது நான். நாலரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ரெஃப்ரி என்று சொல்லும் சரிபார்ப்பவர்கள் இரண்டு பேர் படித்திருந்தார்கள். யார் என்று தெரியாது, பெயர் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குக் கூலியும் கிடையாது. ஒருவர் முக்கால் பக்கம் பாராட்டு. இன்னொருவர் ஒரே வரி: ஆறு மாதத்துக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரே எங்கே?

எடுக்கவே இல்லை. நோயாளி சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். அவருக்கு போஸ்ட் கார்டு போட்டோம். பதில் இல்லை. இரண்டாவது கார்டுக்குப் பஸ் ஏறி வந்துவிட்டார், கையில் ஒரு பை கொய்யாப்பழத்தோடு. எக்ஸ்ரே எடுத்தார்கள். நிழல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அதாவது, கட்டுரையில் எழுதியிருந்த நோய் அவருக்கு இருந்திருக்கவே வாய்ப்பில்லை. பேராசிரியர் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கோபமாக இருந்தார். அப்புறம், "அந்த ஒத்தை வரிக்காரன் யாருன்னு தெரிஞ்சா ஒரு காபி வாங்கிக் கொடுக்கணும்" என்றார். பாராட்டி எழுதியவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவும் தெரிந்தவள்தான். ஆனால் உள்ளே இருந்த ஒரு கட்டுரையையும் முழுதாகப் படித்ததில்லை. என் வேலை அட்டை, எண், பக்கம், சீல். மிட்டாய்க் கடைக்காரருக்கு லட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் வாட்ஸப்பில் பி.டி.எஃப். அனுப்பினார். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 137-ஆம் வால்யூம், 2010 பிப்ரவரி, பக்கம் 263 முதல் 272. பர்மிங்காமின் கிரெகரி லிப்பும் கூட்டாளிகளும். ஐரோப்பாவில் 35 நாடுகளில் இந்த நோய் உள்ளவர்களைப் பதிவு செய்த கணக்கெடுப்பிலிருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடாத 1,084 பேரை மட்டும் எடுத்திருக்கிறார்கள். மருந்து சாப்பிடுபவர்களைச் சேர்த்தால் நோய் என்ன செய்யும் என்பது தெரியாமல் மருந்து மறைத்துவிடும் இல்லையா, அதற்காக. அவர்களில் ஒரு வருடத்துக்குள் எத்தனை பேருக்கு உறைகட்டி எங்கேயாவது போய் அடைத்தது என்று பார்த்திருக்கிறார்கள். மொத்தம் 25 பேர்.

எனக்குத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. ஊர் ஊராக, கிளினிக் கிளினிக்காக, உலகம் முழுக்க டாக்டர்கள் விரல்விட்டு எண்ணும் கணக்குக்கு ஆரம்பம் 25 பேர்.

அட்டவணைக்கு வந்தேன். மார்க் பூஜ்யம், 103 பேர், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மார்க் மூன்று, 203 பேர், அதில் 8 பேர். என் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. கணவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். வாத்தியார் இல்லையா, மூன்றைப் பார்த்துவிட்டு நாலைப் பார்த்தார். "இது என்ன, நாலு மார்க் 208 பேர்ல நாலு பேருக்குத்தான் வந்திருக்கு. மூணை விட நாலு நல்லதா?" கடைசி வரியையும் காட்டினார். ஒன்பது மார்க், ஒரே ஒருவர், அவருக்கு வந்துவிட்டது. நூறு சதவீதம். "ஒருத்தனை வச்சு நூறு பர்சென்ட்னு போட்டா, நான் பேப்பர் திருத்துறப்போ முட்டைதான் போடுவேன்."

மறுநாள் இதை டாக்டரிடம் போனில் சொன்னேன். சிரித்தார். "சார் ரெஃப்ரியா போயிருக்கலாம் மேடம். அதே கேள்விதான் எல்லாரும் கேட்டாங்க." எண்ணிக்கை சின்னது என்று கட்டுரையை ஒதுக்கிவிடாமல், மற்றவர்கள் தங்கள் ஊர் ஆட்களை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்களாம். அடுத்த வருடமே டென்மார்க்கில் தேசியப் பதிவேட்டை எடுத்து 73,538 பேரிடம் பொருத்தினார்கள். மார்க் ஏற ஏற ஆபத்தும் வரிசையாக ஏறியது. வழிகாட்டிக் குறிப்புகளிலும் இது நிலைத்தது. ரெஃப்ரி கதவைத் திறந்துதான் விட்டிருக்கிறார், உள்ளே வந்தவரைச் சோதித்தது தெருவில் இருந்தவர்கள்.

மருந்து ஆரம்பிக்கும் முன் டாக்டர் இன்னொரு மார்க்கும் போட்டார். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொண்டால் அடிபட்டாலோ வயிற்றில் புண் வந்தாலோ கசியும் அபாயம் உண்டு, அதற்கு. ஹாஸ்-பிளெட் என்று பெயர். அதே 2010, அதே செஸ்ட், அடுத்த வால்யூம், 1093-ஆம் பக்கம். இதில் இவருக்கு இரண்டு. வயதுக்கு ஒன்று, இன்னொன்று எதற்கு என்றால் முட்டிவலிக்கு இவர் தானாக மருந்துக்கடையில் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த வலி மாத்திரைக்கு. அது எனக்கே தெரியாது. சட்டைப் பையில் அட்டை இருந்தது. டாக்டர் கையை நீட்டினார், இவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எடுத்துக் கொடுத்தார். "வயசைக் குறைக்க முடியாது சார், இதை முடியும். இப்ப ஒண்ணுதான்." அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. முட்டிக்கு எண்ணெய்.

போன வருடம் ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் 2024 வழிகாட்டியைப் பற்றி அவரே சொன்னார். பெண் என்பதற்குப் போட்ட மார்க்கை எடுத்துவிட்டார்கள். பெயரின் கடைசியில் அதற்காக இருந்த Sc என்ற எழுத்துகளையும் சேர்த்து. பரிசோதனை அறையில் என்னைப் பார்த்துச் சிரித்ததற்கு இது வட்டியோடு பதில் என்று சொன்னேன்.

அந்த மாதமே பழைய சகா ஒருவரின் ஓய்வு விழாவுக்குக் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. ஜர்னல்கள் எல்லாம் இப்போது கணினியில். பழைய வால்யூம்களைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள். கொஞ்சம் எடைக்கும் போய்விட்டது, அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்று முடியாது. உதவியாளர் பையனிடம் டார்ச் வாங்கிக்கொண்டு இறங்கினேன். 2010-இல் பைண்டிங் பட்ஜெட் வெட்டப்பட்டிருந்தது, அதனால் அந்த வருடத்து இதழ்கள் தனித்தனியாகச் சணலில் கட்டிக் கிடந்தன. முடிச்சு என்னுடையது. நான் போடுகிற முடிச்சு எனக்குத் தெரியும்.

எங்கள் நூலகத்தில் ரகசியப் பக்கம் என்று ஒன்று உண்டு. அட்டையைக் கிழித்துவிட்டுக் கொண்டுபோனாலும் யாருடையது என்று நிரூபிக்க உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் சீல் குத்துவது. ஜர்னலில் பக்க எண் ஜனவரியிலிருந்து ஜூன் வரை தொடர்ந்து ஓடும் என்பதால், ஒவ்வோர் இதழிலும் 67 என்று முடியும் முதல் பக்கம் என்று வைத்திருந்தோம். பிப்ரவரி இதழில் அது 267.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு புரட்டினேன். 263, 265, 267. வலது கீழ் மூலையில் வட்ட சீல், மங்கிய ஊதா, அதற்குள் தேதியும் என் இனிஷியலும். கட்டுரையின் நட்டநடுவில். ஒரு வரியின் மேல் லேசாக ஏறியிருந்தது.

பையில் பென்சில் இருந்தது. 263-க்குத் திரும்பிப் போய் ஓரத்தில் எழுதினேன்: 'பெண் என்பதற்கான மார்க், 2024-இல் நீக்கம்.' பையன் மேலிருந்து, "மேடம், கேக் வெட்டப் போறாங்க" என்று கூப்பிட்டான். சணலைத் திரும்பக் கட்டிவிட்டு ஏறி வந்தேன்.